அமைச்சர்கள் தடுமாறும்போது

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் அமெரிக்காவில் மனநோய்த் துறையில் பெயர்பெற்ற பேராசிரியர். இளமையில் வாரத்துக்கு மூன்று நான்கு புத்தகங்களைப் படித்துத் தள்ளியவர். 1970களில் இருமுனை மனநோய்க்காக லித்தியம் என்ற மருந்தை எடுக்கத் தொடங்கிய பிறகு அவரால் ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பார், குறிப்பு எடுத்துக்கொள்வார், அப்படியும் பொருள் மனத்தில் நிற்காது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கனமான ஒரு புத்தகத்தைத் தான் முழுதாகப் படித்ததில்லை என்று 1995இல் வெளிவந்த தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். கவிதை படிக்க முடிந்தது. சிறுவர் புத்தகங்கள் படிக்க முடிந்தது. முன்பு படிப்பில் கழிந்த மீதி நேரத்தை நிரப்ப ஊசியும் நூலுமாக உட்கார்ந்து திண்டுறைகளில் பூத்தையல் வேலை செய்தார்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் தேறிவிட்டவர். பித்து அடங்கியிருந்தது, வேலைக்குப் போய்வந்தார், பேச்சில் தெளிவு இருந்தது. உள்ளே ஒரு வாசகி காணாமல் போயிருந்தாள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இருமுனை நோயோடு வாழ்ந்தார்கள். இதைப் பற்றிப் பேசும்போது ஊர் கவனிப்பது இரண்டு முனைகளைத்தான். ஒன்று, மேனியா அல்லது பித்து எனப்படும் எழுச்சிக் கட்டம். மூன்று இரவு தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது, கையில் இல்லாத பணத்துக்குக் கடை திறப்பது, தன்னையே அவதாரம் என்று அறிவிப்பது எல்லாம் அப்போது நடக்கும். மற்றது, படுக்கையை விட்டு எழவே முடியாத மனச்சோர்வு. இரண்டுக்கும் நடுவில், நோய் அமைதியாக இருக்கும் மாதங்களும் ஆண்டுகளும் உண்டு. அந்த நடுவெளியில் என்ன நடக்கிறது என்று நெடுங்காலம் மருத்துவமே பெரிதாகக் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899இல் வெளியிட்ட தன் பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரிய மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். ஒருவகையில் அறிவு தேய்ந்துகொண்டே போகும். பின்னாளில் மனச்சிதைவு என்று பெயர் பெற்றது அது. மற்றொரு வகையில் நோய் வரும், போகும், போனபின் மனிதர் பழையபடி ஆகிவிடுவார். இருமுனை நோய் இந்த இரண்டாம் பிரிவில் சேர்ந்தது. பழையபடி ஆகிவிடுவார் என்ற அந்த நம்பிக்கை ஒரு நூற்றாண்டுக்கு நிலைத்தது. நோயாளி மறதியைப் பற்றிப் புலம்பினால், இன்னும் சோர்வு விடவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிதாக இருந்தது.

கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் திருத்தியிருக்கின்றன. சோதனை எளிமையானதுதான். பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டுவார்கள். நினைவில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை மறுபடியும் மறுபடியும் படிப்பார்கள். அரைமணி கழித்து, இப்போது எத்தனை ஞாபகம் என்பார்கள். இன்னொரு சோதனையில் தாள் முழுக்க எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். ஓர் எண், ஓர் எழுத்து, அடுத்த எண், அடுத்த எழுத்து என்று மாற்றி மாற்றிக் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நோய் அடங்கியிருக்கும் நாளிலேயே இந்தச் சோதனைகளைச் செய்தாலும், இருமுனை நோய் உள்ளவர்கள் ஒரு குழுவாகப் பார்த்தால் பின்தங்குகிறார்கள். கேட்டதை நினைவில் வைப்பது, கவனத்தை நிறுத்துவது, வேகமாக யோசிப்பது, திட்டமிட்டு வேலையை மாற்றிச் செய்வது ஆகிய நான்கிலும் இந்த இறக்கம் தெரிகிறது. எல்லோருக்கும் அல்ல. மற்றவர்களைப் போலவே செய்து முடிப்பவர்களும் கணிசமாக உண்டு. ஆனால் வங்கி வேலைக்குத் திரும்பியவருக்கு எதிரில் நிற்பவர் இப்போதுதான் சொன்ன பெயர் நழுவிவிடுகிறது. கூட்டத்தில் முதல் வாக்கியத்தை வாங்கிக்கொள்வதற்குள் மூன்றாவது வாக்கியம் போய்விடுகிறது. அவருக்கு இந்தச் சராசரிக் கணக்கெல்லாம் ஆறுதல் தராது.

இவர்கள் பிறவியிலேயே மந்தமானவர்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு. நோய்க்கு முந்தைய அறிவுத்திறன் பெரும்பாலும் மற்றவர்களுக்குக் குறைந்ததல்ல. சுவீடனில் 15, 16 வயதில் பள்ளியிறுதித் தேர்வு எழுதிய 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. நடுத்தர மதிப்பெண் வாங்கியவர்களைவிட மிகச் சிறந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பின்னாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. மிகக் குறைந்த மதிப்பெண்காரர்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேதைமைக் கதையாக்கிவிடுவார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைதான் பத்து வருஷம் கழித்து ஒரு படிவத்தை நிரப்பத் திணறுகிறது என்றால், அந்த இழப்பின் கனம் வேறு.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. நோய் திரும்பத் திரும்ப வருவது ஒரு பங்கு வகிக்கிறது. மிச்சம் மீதியாக ஒட்டியிருக்கும் சோர்வு, கெட்டுப்போன தூக்கம், மது, இணைந்து வரும் உடல்நோய்கள் எல்லாம் சேர்கின்றன. மருந்தும் தன் பங்குக்குச் செய்யும். ஆனால் மருந்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. மருந்து தடுப்பது அறிவைக் கரைக்கும் அடுத்த அலையை.

இங்கேதான் மருத்துவம் சமயத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறது. நினைவு தேய்கிறது, யோசனை தடுமாறுகிறது, முடிவெடுக்கும் திறன் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. அப்படியானால் அந்த மனிதர் யார்? பித்தின் உச்சியில் இருந்தவரா, பள்ளத்தில் கிடந்தவரா, மருந்து எடுத்துக்கொண்டு மெதுவாக நடப்பவரா, இதற்கெல்லாம் முன்னால் வாரம் நான்கு புத்தகம் படித்தவரா?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் இதற்கு ஒரு பதில் சேர்த்தார். ஒருவரை நேற்றும் இன்றும் அதே ஆளாக்குவது உடலோ உயிர்ப்பொருளோ அல்ல, தொடர்ந்துவரும் தன்னுணர்வு என்றார் அவர். நேற்றுச் செய்ததை நான்தான் செய்தேன் என்று உள்ளே உணர்வதே ஆளின் அடையாளம். பித்தனையும் அவர் விடவில்லை. பித்தில் செய்ததற்காகத் தெளிந்தவனைச் சட்டம் தண்டிப்பதில்லை, தெளிவில் செய்ததற்காகப் பித்தனைத் தண்டிப்பதில்லை. ஆகவே சட்டமே அவர்களை இரண்டு ஆட்களாகக் கொள்கிறது என்று சுட்டினார்.

படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் வாழ்க்கையில் இதை வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். 1917இல் பிறந்த லோவல் பித்து முற்றிப் பலமுறை மருத்துவமனையில் சேர்ந்தவர். 1949இல் வந்த பெரிய தாக்குதலில் சமய வெறியும் கலந்திருந்தது. பித்து ஏறும்போது நண்பர்களைத் தொலைபேசியில் விடாமல் துரத்துவார், உறவுகளை முறித்துக்கொள்வார். தெளிந்ததும் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதங்கள் எழுதுவார், கவிஞர் டி. எஸ். எலியட்டுக்கே அப்படி ஒரு கடிதம் போயிருக்கிறது. லாக் சொல்கிறபடி அவர் இரண்டு ஆள் என்றால் ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் ஏன் கூச வேண்டும்? லோவல் கூசினார். செய்தது தான்தான் என்றும், தானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் ஒரே மூச்சில் உணர்ந்தார். 1967இல் லித்தியம் கிடைத்த பிறகு, தானும் தன்னால் மற்றவர்களும் பட்ட துன்பமெல்லாம் மூளையில் கொஞ்சம் உப்புக் குறைந்ததாலா என்று தன் பதிப்பாளரிடம் வியந்து கசந்தார். உப்பு என்பது சரியான சொல்தான். மருந்தாகக் கொடுப்பது லித்தியத்தின் உப்பைத்தான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்து முற்றிய பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1949 செப்டம்பரில் கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே தொடங்குகிறது.

இந்தியச் சமய நூல்களும் நினைவை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் மனிதன் சரிவதைப் படிப்படியாகக் காட்டுகிறது: ஆசை, கோபம், மயக்கம் என்று இறங்கி, நினைவு தவறி, புத்தி கெட்டு, கடைசியில் ஆளே அழிவதில் முடிகிறது அந்த வரிசை. நோயாளி ஒருவர் இதைப் பாராயணம் செய்யும்போது என்ன நினைப்பார்? நினைவு தவறிவிட்டது, புத்தியும் ஆட்டம் காண்கிறது, நான் அழிந்தவன் கணக்கில் சேர்ந்துவிட்டேனா? அந்த இடத்தில் சொல்லப்படும் நினைவு குருவும் சாத்திரமும் கற்பித்ததன் நினைவு என்று சங்கரர் உரை செய்கிறார், பதினைந்து சொற்களின் நினைவு அல்ல. ஒழுக்கம் தவறுவதைப் பற்றிய பாடத்தை நோயின் மேல் ஏற்றிவைப்பது படிப்பவரின் அவசரம். ஆனால் ஆறுதல் சொல்ல வருபவர்கள் பலருக்கு அந்த அவசரம் இருக்கிறது. மனத்தை அடக்கத் தெரியவில்லை, தியானம் செய், முன்வினை என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது கேட்பவருக்கு நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆறுதல் உண்டு. நீ மனம் அல்ல, புத்தி அல்ல, இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி நீ. மனம் கெட்டால் உனக்கென்ன? உயர்ந்த தத்துவம்தான். ஆனால் படிப்பை இழந்தவரிடம் இதைச் சொல்வது, வீடு எரிந்தவரிடம் வீடு மாயை என்று சொல்வதற்குச் சமம். அவருடைய துக்கம் அறியாமை இல்லை. உண்மையாகவே ஒன்று போயிருக்கிறது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வழியைத் தமிழ்ச் சைவம் 13ஆம் நூற்றாண்டிலேயே யோசித்து வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மொத்தம் பன்னிரண்டே சூத்திரங்கள். அதன் நான்காம் சூத்திரம் உயிரும் அந்தக்கரணங்கள் எனப்படும் உட்கருவிகளும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பேசுகிறது. மனம் ஒன்றைப் பற்றுகிறது, சித்தம் சிந்திக்கிறது, அகங்காரம் நான் என்று எழுகிறது, புத்தி இன்னதுதான் என்று நிச்சயம் பண்ணுகிறது. உயிர் இவற்றில் ஒன்றும் அல்ல. ஆனால் இவற்றோடு கூடித்தான் அறிகிறது. அதற்கு அந்தச் சூத்திரம் தரும் உவமை, அமைச்சர்களோடு கூடிய அரசன்.

இந்த நான்கு கருவிகளையும் இன்றைய மருத்துவமனைச் சோதனைகளையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டுவது வீண்வேலை. அந்த விளையாட்டை ஏற்கெனவே நிறையப் பேர் ஆடிவிட்டார்கள். உவமையின் கட்டமைப்புதான் முக்கியம். அமைச்சர் தடுமாறினால் அரசன் அரசனாக இல்லாமல் போவதில்லை. லாக்கின் இரண்டு ஆட்கள் பிரச்சினை இங்கே எழாது. பித்திலும் சோர்விலும் தெளிவிலும் இருப்பது ஒரே உயிர், அது போய்வரும் அவத்தைகள், அதாவது நிலைகள்தான் வேறு. அதே நேரத்தில், அமைச்சர் இல்லாவிட்டால் அரசனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சைவ சித்தாந்தம் ஒளிக்கவில்லை. கருவிகளோடு கூடாத உயிர் எதையும் அறியாமல் இருளில் கிடக்கிறது என்பதுதான் அதன் கேவல நிலை. சாட்சியாகச் சும்மா பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் உயிரை அது காட்டுவதில்லை. உடல், கரணம், உலகம், அனுபவம் நான்கும் உயிருக்கு இறைவன் கருணையால் கூட்டிக் கொடுத்தவை. விடியும்வரை உதவும் விளக்கு என்பது உமாபதி சிவத்தின் திருவருட்பயன் எடுக்கும் நிலைப்பாடு.

அப்படிப் பார்த்தால் விளக்கு மங்கியதற்காக ஒருவர் அழுவதில் தவறில்லை. திரியைத் தூண்டுவதும் எண்ணெய் வார்ப்பதும் பக்திக்குக் குறைவான காரியமும் இல்லை. மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், சட்டைப்பையில் குறிப்பேடு, மருத்துவரிடம் போவது எல்லாம் கருவியைப் பேணுவதில் அடங்கும். மாத்திரை போடுகிறவனுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை போதவில்லை என்று சொல்பவர்களுக்குச் சைவ சித்தாந்தத்தில் இடமில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. வழிபாட்டுக்கே கவனம் வேண்டும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1942இல் எழுதிய கட்டுரையில் பிரார்த்தனையின் உட்பொருளே கவனம்தான் என்றார். உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படும் கருத்து. கவனமே நோயாகிவிட்டவர் அப்போது எங்கே போவார்? கந்தசஷ்டிக் கவசத்தை நாற்பது வருஷமாக மனப்பாடமாகச் சொன்னவருக்கு நடுவில் அடி நழுவுகிறது. கண்ணை மூடி உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் எண்ணம் எங்கேயோ போய்விடுகிறது. முன்பு தெய்வத்தின் அருகில் இருந்தோம், இப்போது இல்லை என்ற ஏக்கம் அவர்களுக்கு நிஜமானது.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு வழிகளைச் சைவம் வகுத்தபோது முதலில் வைத்த சரியை, உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது, விளக்கேற்றுவது. ஞானத்தை மேல்படியில் வைத்தார்கள் என்பது உண்மைதான். அதனால் சரியையை அறிவு குறைந்தவர்களுக்கான தொடக்கப்பள்ளி என்று பார்ப்பவர்களும் உண்டு. திருநாவுக்கரசர் அப்படிப் பார்க்கவில்லை. பாடலில் அத்தனை உயரம் போனவர் கடைசிவரை உழவாரப்படையைக் கையிலிருந்து இறக்கவில்லை. கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்.

உடம்பால் செய்யும் இந்தத் தொண்டின் பயனுக்கு மருத்துவ இதழிலேயே ஒரு சாட்சி கிடைக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தமிழ்நாட்டின் ஒரு கிராமத்து முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை அவர்கள் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு, பித்து நிலையில் இருந்த இருமுனை நோயாளிகள் இருவர் மட்டுமே. மருந்து கொடுக்கப்படவில்லை. பேயோட்டல் போன்ற சடங்குகளும் இல்லை. காலையில் சிறு பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற லேசான வேலைகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவுகோலில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறு ஆய்வு இது. மருந்தை நிறுத்த இதை யாரும் சான்றாகக் காட்டக் கூடாது. அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். புனிதத் தலத்தின் பெயரைச் சொல்லியே நடந்த தனியார் காப்பகம் அது. நோயாளியை ஒரு வேலை செய்யக்கூடிய மனிதராக நடத்தியது முத்துசுவாமி கோயில். கட்டிப்போட வேண்டிய பொருளாக நடத்தியது அந்தக் காப்பகம். சமயம் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்க முடியாது.

இன்றைய மருத்துவமும் ஏறக்குறைய சரியையின் பாதைக்கே வந்திருக்கிறது என்று சொன்னால் பார்சிலோனா மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அங்கிருந்து நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில் ஸ்பெயின் முழுவதும் பத்து மையங்களில் 239 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு அமர்வாக 21 வாரங்கள் பயிற்சி. நினைவாற்றலைத் தூக்கி நிறுத்தும் மந்திரம் எதுவும் அதில் இல்லை. நாட்குறிப்பு வைப்பது, பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்வது, வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது என்று அன்றாடக் கைவேலைகள்தான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அன்றாட வாழ்க்கையை நடத்துவதில் அவர்கள் மேம்பட்டார்கள். சோதனைத் தாளில் வரும் மதிப்பெண்தான் பெரிதாக ஏறவில்லை. வாழ்க்கை ஏறியது, மதிப்பெண் ஏறவில்லை என்பதை உவமையின் மொழியில் சொன்னால், அமைச்சருக்குப் பழைய பலம் வரவில்லை, அரசவை நடக்கிறது.

அந்த மனிதர் யார் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டமும் தன் பதிலைச் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவர் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது. அவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிந்தால்கூட அது மட்டும் போதாது. இன்னொன்றும் அதில் இருக்கிறது: தெளிவாக இருக்கும்போதே, நாளை எனக்கு முடிவெடுக்க முடியாமல் போனால் இப்படிச் சிகிச்சை தாருங்கள், இப்படித் தராதீர்கள், எனக்காக இவர் பேசட்டும் என்று எழுதிவைக்கலாம். இன்றைய தெளிந்தவரும் நாளைய பித்தரும் வெவ்வேறு ஆட்கள் என்றால் இந்தக் காகிதத்துக்கு என்ன அதிகாரம்? ஒருவர் இன்னொருவரைக் கட்டுப்படுத்த முடியாதே. இரண்டு நிலையிலும் ஒரே ஆள் என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கையெழுத்து செல்லும். இந்த இடத்தில் நாடாளுமன்றம் மெய்கண்டார் பக்கம் நிற்கிறது, லாக் பக்கம் அல்ல.

நோயோடு வாழ்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. மறதியும் மந்தமும் இருந்தால் அதைக் குணத்தின் குறையாகவோ பக்தியின் குறையாகவோ மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள். ஜேமிசனுக்கு லித்தியத்தின் அளவைக் குறைத்த பிறகு படிக்கும் திறன் திரும்பி வந்தது. அதைக் குறைத்தது சிகிச்சைக்குள்தான் நடந்தது. லித்தியம் எடுப்பவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவதுண்டு, அந்தக் குறைவே மூளையை மந்தமாக்கும், அதற்கு மாத்திரை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.